ராமொண்டா வாடிக் கிடக்கிறதா? பிடுங்கும் முன் இலையைத் தொட்டுப் பாருங்கள்

பாறைத் தோட்டம் வைத்திருப்பவர்கள் ராமொண்டாவைப் பற்றி என்னிடம் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "செத்துப்போச்சா?" கேட்பதற்குள் பாதிப் பேர் செடியைப் பிடுங்கி உரக்குழியில் போட்டிருப்பார்கள். அப்படிப் போன செடிகளில் பல உயிரோடு இருந்தவை. அந்த வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன்.

நான் சொல்வது ராமொண்டா மைக்கோனி. பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் நடுவே உள்ள பிரனீஸ் மலைகளிலும், வடகிழக்கு ஸ்பெயினிலும், வெயில் படாத சுண்ணாம்புப் பாறை இடுக்குகளில் வளரும் செடி. வருஷம் முழுக்கப் பச்சை. சுருக்கம் விழுந்த கரும்பச்சை இலைகள் பாறையோடு ஒட்டி வட்டமாக விரிந்திருக்கும். இலையின் அடிப்பக்கத்தில் துருநிற ரோமம். வடகிழக்கு ஸ்பெயினில் பேசும் காட்டலான் மொழியில் இதற்குக் 'கரடிக் காது' என்று பெயர். ஒரு முறை இலையைத் திருப்பித் தடவிப் பார்த்தால் ஏன் என்று புரிந்துவிடும். மே, ஜூனில் ஊதாப் பூ, அதன் நடுவே மஞ்சள் கூம்பு. ஜன்னலோரத்தில் வைக்கிறோமே ஆப்பிரிக்கன் வயலட், அதன் குடும்பம்தான் இது. அந்தக் குடும்பத்தில் பெரும்பாலானவை வெப்ப நாட்டுச் செடிகள். நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரப் பாறைகளிலும் சில உண்டு. ஐரோப்பாவில் மிஞ்சியவற்றை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம்.

நான் இருப்பது வட இங்கிலாந்தில், யார்க்‌ஷயரில். வீட்டுக்கு வடக்கே இடுப்புயரத்துக்கு, சிமெண்ட் இல்லாமல் அடுக்கிய சுண்ணாம்புக் கல் சுவர் ஒன்று இருக்கிறது. என் ராமொண்டாக்கள் அதில்தான் குடியிருக்கின்றன. கீழே சொல்வதெல்லாம் அந்தச் சுவரில் கற்றது.

எதற்கும் முன்: தொட்டுப் பாருங்கள்

இந்தச் செடி வறட்சியில் வாடும்போதும் அழுகும்போதும் தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே மாதிரிதான் தெரியும். ஒன்றுக்குத் தண்ணீர் வேண்டும். மற்றதற்குத் தண்ணீர்தான் எமன். அதனால் குவளையைத் தூக்குவதற்கு முன் குனிந்து தொட்டுப் பாருங்கள்.

வெளிவட்ட இலை ஒன்றின் காம்பை இரண்டு விரலால் பிடித்து மெல்ல அழுத்துங்கள். செருப்பு வார் மாதிரி வளைந்து கொடுத்தாலோ, அப்பளம் மாதிரி மொறுமொறுத்தாலோ அது வறட்சி. விரலில் ஈரம் ஒட்டி, இழுக்காமலே காம்பு வழுக்கிக்கொண்டு கையோடு வந்தால் அழுகல். அடுத்து நடுக்குருத்தைப் பாருங்கள். வறட்சியில் குருத்து இறுக மூடி, ரோமம் போர்த்திக் கெட்டியாக இருக்கும். அழுகலில் கறுத்துக் கொழகொழத்திருக்கும். முகர்ந்தால் பூசண வாடை அடிக்கும். இந்த இரண்டையும் பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இலைகள் உள்நோக்கிச் சுருண்டு, பழுப்பாகி, காய்ந்த சருகு போல் கிடக்கிறது

பயமே வேண்டாம். இது நோயே இல்லை, செடியின் இயல்பு.

ராமொண்டா தண்ணீர் இல்லாதபோது மற்றச் செடிகளைப் போல் போராடாது. இலையில் உள்ள நீரைப் போக விட்டுவிடும். நீர் போகப் போக, அந்த இடத்தைச் சர்க்கரை பிடித்துக்கொள்கிறது. உயிரணுக்களின் சவ்வுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிழிந்துபோகாமல் காப்பது அதுதான். இலை மேல்நோக்கி மடிந்து சுருளும்போது ரோமம் மூடிய அடிப்பக்கம் வெளியே வந்துவிடும். உள்ளிருக்கும் பச்சையை வெளிச்சம் சுடாது. நமக்குப் பழுப்பாகத் தெரிவது அந்த ரோமம்தான். சுருண்ட இலையைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே பச்சை இருக்கும் (பிரிக்காதீர்கள், உடைந்துவிடும்). தென்கிழக்கு ஐரோப்பாவில், பால்கன் பகுதி மலைகளில் இருக்கும் இதன் உறவுச் செடி ராமொண்டா நத்தாலியே. காய்ந்தும் பிழைக்கும் இதே குணத்துக்காகத்தான் செர்பியாவில் 2012-லிருந்து, முதல் உலகப் போரின் போர்நிறுத்த நாளான நவம்பர் 11 அன்று அந்தப் பூவின் சின்னத்தைச் சட்டையில் குத்திக்கொள்கிறார்கள்.

2022 ஜூலையில் இங்கிலாந்தில் முதன்முறையாக வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியது. அந்தக் கோடையில் என் சுவரில் இருந்த ஏழு செடிகளும் வாரக்கணக்கில் சுருண்டே கிடந்தன. பெரிய செடி ஒன்று ஒரு கைப்பிடிக்குள் அடங்கும் அளவுக்குச் சுருங்கியிருந்தது. செப்டம்பர் மழைக்குப் பிறகு ஆறு முழுசாக நிமிர்ந்தன. ஏழாவது, மாலை வெயில் படும் மூலையில் இருந்தது. அதில் வெளிவட்ட இலைகள் போய், நடுவில் நாலு இலை மட்டும் தேறியது. காய்ந்துபோவதை இது தாங்கும். காய்ந்த உடம்பில் வெயில் அடிப்பதைத்தான் தாங்காது.

காத்திருக்க மனசில்லை என்றால் சாயங்காலம் தண்ணீர் கொடுங்கள். இடுக்குக்கு மேலுள்ள விரிசலில் மெல்ல ஊற்றினால் வேருக்கு இறங்கும். கூடவே இலைமேல் பூத்தூறலாகத் தெளிக்கலாம், இலையும் குடிக்கும். தொட்டியில் இருந்தால் 2 செ.மீ. தண்ணீரில் அரை மணி நேரம் நிறுத்தி எடுத்துவிடுங்கள். இரவு முழுக்க ஊற வைப்பது தவறு. மறுநாள் காலையில் இலை ஓரங்கள் இளகியிருக்கும். இரண்டு நாளில் பெரும்பகுதி விரிந்துவிடும். மூன்று நாளாகியும் அசைவே இல்லை என்றால், வேர் போயிருக்கலாம். கீழே கூன்வண்டு பற்றிச் சொல்லும் இடத்துக்குப் போங்கள்.

கடும் பனியிலும் இலைகள் இதேபோல் சுருளும். தரை உறைந்திருக்கும்போது வேருக்குத் தண்ணீர் கிடைக்காது, அவ்வளவுதான். அப்போது எதுவும் செய்யாதீர்கள், முக்கியமாகத் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

வெளி இலைகள் நன்றாக இருக்கின்றன, நடுக்குருத்து மட்டும் கறுத்திருக்கிறது

இதுதான் உண்மையில் ராமொண்டாவைக் கொல்வது. காய்ந்த செடியைப் பார்த்துப் பதறுகிறோம். இது பச்சைப்பசேலென்று இருக்கும்போதே உள்ளே போய்க்கொண்டிருக்கும், கவனிக்க மாட்டோம். என் முதல் செடி இப்படித்தான் போனது. மற்றச் செடிகளை நடுவதுபோலத் தரையில் குழி எடுத்து, முகம் வானத்தைப் பார்க்க நட்டிருந்தேன். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை பெய்த மழையெல்லாம் கிண்ணம் மாதிரி இருந்த இலைவட்டத்தின் நடுவே தேங்கியது. மார்ச்சில் ஒரு நாள் உள்ளே விழுந்திருந்த இலைச் சருகை எடுக்கப் போனேன். குருத்து மொத்தமும் சருகோடு வந்துவிட்டது.

மலையில் இது எப்படி இருக்கிறது என்று யோசித்தால் காரணம் விளங்கும். அங்கே செங்குத்தான பாறை முகத்தில், பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மழை விழுந்தாலும் இலைவழியே சரிந்து ஓடிவிடும். குளிரை இந்தச் செடி நன்றாகத் தாங்கும். குளிரும் தேங்கிய ஈரமும் சேர்ந்தால்தான் பூஞ்சை குருத்துக்குள் இறங்குகிறது.

அழுகல் தொடங்கிவிட்டால், அன்றைக்கே செடியை வெளியே எடுங்கள். கறுத்த பகுதியைச் சுத்தமான பிளேடால் வெட்டுங்கள். வெட்டிய இடத்தில் பழுப்புக் கோடு தெரிகிற வரை இன்னும் உள்ளே அழுகல் இருக்கிறது என்று அர்த்தம். வெள்ளைச் சதை தெரியும்வரை போங்கள். வயதான செடியில் பக்கத்திலேயே சின்னச் சின்ன இலைவட்டங்கள் கிளைத்திருக்கும். நடு போனாலும் அவற்றைப் பிரித்து நட்டால் தழைக்கும். அதுவும் இல்லையென்றால் கெடாத வெளி இலைகளைக் காம்படியோடு எடுத்து வையுங்கள். அதிலிருந்து புதுச் செடி வரும். எப்படி என்று கடைசியில் சொல்கிறேன்.

திரும்ப நடும்போது படுக்கவைத்து நடுங்கள். இரண்டு கல்லுக்கு நடுவே, வேர் உள்ளே போகும்படி, முகம் வடக்கே வெளியே பார்க்கும்படி வையுங்கள். நான் போடும் கலவையில் இலைமட்கு ஒரு பங்கு, தோட்ட மண் ஒரு பங்கு, பட்டாணி அளவுக்குக் குறைந்த பொடிச் சரளை ஒரு பங்கு. கையில் பிடித்து அழுத்தினால் உருண்டையாகி, விரலால் தட்டியதும் உதிர வேண்டும். கல் இடுக்கு உள்ளே வரை தொடர்ந்து, பின்னால் உள்ள மண்ணைத் தொட வேண்டும். வெறும் பொந்தாக இருந்தால் கோடையில் வேர் ஒரு வாரம்கூடத் தாங்காது. சுவர் கட்டி முடித்த பிறகு செடியைத் திணிப்பதைவிட, கட்டும்போதே ஒரு வரிசை கல், அதன்மேல் கலவை, அதில் செடி, மேலே அடுத்த கல் என்று போவதுதான் சிறந்தது. வேர் முறியாமல் விரிந்து உட்காரும்.

சுவரே இல்லை, சமதளம்தான் என்றால், ஒரு பெரிய கல்லின் வடக்குப் பக்க அடிவாரத்தில் செடியை நன்றாகச் சாய்த்து நடுங்கள். கழுத்தைச் சுற்றி இரண்டு விரல் ஆழத்துக்குச் சரளை போடுங்கள். குளிர்காலத்தில் மேலே ஒரு கண்ணாடித் துண்டைச் சாய்வாக நிறுத்தி மழையை மட்டும் மறையுங்கள். பக்கங்கள் திறந்தே இருக்கட்டும். பிளாஸ்டிக் உறை போட்டு மூடினால் காற்று நின்று, சாம்பல் பூஞ்சை பிடித்து, எதைத் தடுக்கப் பார்த்தோமோ அதுவே வந்து சேரும்.

கல்லைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். இங்கே யார்க்‌ஷயர் டேல்ஸ் என்ற பள்ளத்தாக்குப் பகுதியில் மழைநீர் அரித்து வடிவெடுத்த சுண்ணாம்புப் பாறைத் தளங்கள் இருக்கின்றன. ஒரு காலத்தில் பாறைத் தோட்டங்களுக்காகவே அவற்றைப் பெயர்த்து விற்றார்கள். போனது திரும்ப வராது. 1981-ஆம் ஆண்டு வனவிலங்கு, கிராமப்புறச் சட்டத்தின் கீழ் இப்போது அவற்றுக்குப் பாதுகாப்பு இருக்கிறது. குவாரிக் கல்லோ பழைய கட்டடக் கல்லோ போதும். ராமொண்டாவுக்கு வேண்டியது இடுக்கும் நிழலும். கல்லின் அழகு அதற்குத் தேவையில்லை.

தண்ணீர் இருக்கிறது, நிழல் இருக்கிறது, ஆனாலும் நிமிரவில்லை

செடியைப் பிடித்து லேசாக ஆட்டிப் பாருங்கள். தளர்ந்து ஆடினாலோ கையோடு கழன்று வந்தாலோ, வேரைக் கூன்வண்டின் புழு தின்றிருக்கிறது. கால் இல்லாத, பால்நிறப் புழு, தலை மட்டும் பழுப்பு. 'சி' எழுத்துப் போல வளைந்து, சுமார் 1 செ.மீ. நீளம் இருக்கும். தாய் வண்டு கறுப்பு. பறக்காது, இரவில் ஏறி வந்து இலை ஓரத்தைக் கடித்து வைக்கும். எல்லாமே பெண் வண்டுகள். ஆண் இல்லாமலே நூற்றுக்கணக்கில் முட்டையிடும். அதனால் தோட்டத்தில் ஒன்று இருந்தாலே போதும்.

புழுவைக் கண்டால் வேரைத் தண்ணீரில் கழுவுங்கள். பழைய கலவையைத் தோட்டத்தில் கொட்டாமல் அப்புறப்படுத்துங்கள். வேர் கொஞ்சம் மிஞ்சியிருந்தாலும் ராமொண்டா பிழைக்கும். வெளி இலைகளில் பாதியைக் குறைத்துவிட்டு, ஈரமான சரளைக் கலவையில் நிழலில் ஆறு வாரம் வையுங்கள். அக்கம்பக்கத்துத் தொட்டிகளுக்கு ஆகஸ்ட் கடைசியிலிருந்து அக்டோபருக்குள் புழுவைக் கொல்லும் நூற்புழுக்களைத் தண்ணீரில் கலந்து ஊற்றலாம். ஸ்டைனர்னீமா கிராசேய் என்ற இனம் மண் 5 டிகிரி வரை குளிர்ந்திருந்தாலும் வேலை செய்யும். மண் ஈரமாக இருக்க வேண்டும், அதை மறக்க வேண்டாம்.

புதிதாக வாங்கி நட்ட செடி நிமிராமல் இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நாற்றங்காலில் பீட் (சதுப்பு நிலத்தில் வெட்டியெடுக்கும் மட்கு) கலவையில் வளர்த்திருப்பார்கள். வேரைச் சுற்றியிருக்கும் அந்தப் பீட் உருண்டையை அப்படியே இடுக்கில் வைத்தால், கோடையில் அது சுருங்கிக் கல்லிலிருந்து விலகிவிடும். பிறகு தண்ணீர் பக்கவாட்டில் ஓடிவிடுமே தவிர உள்ளே போகாது. நடும் முன்பே உருண்டையை ஒரு வாளித் தண்ணீரில் ஊறவிட்டு, பீட்டில் பாதியாவது விரலால் உதிர்த்துவிடுங்கள்.

இலையில் வெளிறிய, காகிதம் போன்ற திட்டுகள்

வெயில். வேறு எதையும் தேட வேண்டாம். ஜூனில் வடக்குச் சுவரிலும் அதிகாலையும் அந்தியும் கொஞ்சம் வெயில் படும், அதைத் தாங்கும். பத்து மணிக்குமேல் படும் வெயில்தான் சுடுவது. பெரும்பாலும் பக்கத்து மரத்தை வெட்டியதும் இது தொடங்கும். திட்டு விழுந்த இலை சரியாகாது, ஆனால் அதை வெட்டவும் வேண்டாம். மீதிப் பச்சை உழைத்துக்கொண்டுதான் இருக்கும். செடிக்குத் தெற்கே ஒரு நிமிர்ந்த கல்லையோ சின்னப் பெரணியையோ வையுங்கள்.

வெளிவட்டத்தில் ஒன்றிரண்டு இலை மஞ்சளாகிக் காய்வது மூப்பு. அதற்கு எந்த வைத்தியமும் வேண்டாம்.

ஓட்டை ஓட்டையாகக் கடித்திருக்கிறது

முற்றிய இலையின் ரோமத்தை நத்தைகள் விரும்பாது. பூந்தண்டையும் இளங்குருத்தையும் விடாது. ஏப்ரலில் இரவு டார்ச் அடித்துப் பொறுக்குவதுதான் எனக்குப் பலன் தந்தது. மருந்து போடுவதென்றால் இரும்பு பாஸ்பேட் குருணை. பழைய மெட்டால்டிஹைடு குருணையைப் பிரிட்டனில் 2022 வசந்தத்திலிருந்து வெளியில் பயன்படுத்தத் தடை. கொட்டகையில் மிச்சம் இருந்தாலும் எடுக்காதீர்கள்.

செடி ஒரு நாள் காலையில் தரையில் கிடக்கிறது

பெரும்பாலும் பிளாக்பேர்ட் என்ற கரும்பறவைதான். பாசியைக் கிளறிப் புழு தேடும்போது இளஞ்செடிகளையும் இழுத்துப் போட்டுவிடும். வேர் காய்ந்திருந்தாலும் கவலையில்லை. நனைத்து அதே இடுக்கில் திரும்ப வையுங்கள். நட்ட முதல் வருஷம் இடுக்கின் வாயில் ஒரு சின்னக் கல்லை ஆப்பு மாதிரி செருகி வைத்தால் இழுக்க முடியாது. உறைபனி மண்ணைத் தூக்கி விடுவதாலும் இப்படி ஆகலாம். மார்ச்சில் ஒரு முறை எல்லாச் செடியையும் விரலால் அழுத்திவிட்டு வாருங்கள்.

கொழுகொழுவென்று இருக்கிறது, பூ மட்டும் இல்லை

முதலில் வயது. விதையிலிருந்து வந்த செடி பூக்க மூன்று நான்கு வருஷம் ஆகும். அந்த வயது கடந்தும் பூக்கவில்லை என்றால் இருட்டாக இருக்கலாம். நிழல் வேறு, இருட்டு வேறு. சூரியன் நேராகப் படக் கூடாதே ஒழிய, செடியின் முகத்துக்கு முன்னால் திறந்த வானம் தெரிய வேண்டும். செடி இருக்கும் உயரத்துக்குக் குனிந்து, அது பார்க்கும் திசையில் நீங்களும் பாருங்கள். கிளைகளும் சுவரும் மட்டுமே தெரிந்தால் இடம் மாற்றுங்கள். என் செடிகளில் ஒன்று மூன்று வருஷம் ஹாலி மரத்தடியில் பூக்காமல் இருந்தது. இரண்டு மீட்டர் தள்ளி வைத்த அடுத்த மே மாதம் ஆறு தண்டு வந்தது.

மூன்றாவது காரணம் உரம். புல்தரைக்குப் போடும் தழைச்சத்து உரம் பட்டால் இலை பெருக்கும், பூ வராது. அந்தக் கொழுத்த இலை குளிர்காலத்தில் முதலில் அழுகும். ஏப்ரலில் தக்காளி உரத்தை டப்பாவில் சொன்ன அளவில் பாதிக்குக் கரைத்து ஒரே ஒரு முறை கொடுங்கள்.

பூத்த பூவில் ஐந்து இதழுக்குப் பதில் நாலுதான் இருக்கிறது என்று படம் அனுப்பிக் கேட்கிறார்கள். அது குறையில்லை. அநேகமாக உங்களிடம் இருப்பது நத்தாலியே.

விதைத்த தொட்டியில் நாற்றைப் பாசி மூடிவிட்டது

ராமொண்டா விதை தூள் மாதிரி இருக்கும். மேலே தூவிவிட்டு மண் போட்டு மூடக் கூடாது, வெளிச்சம் வேண்டும். முளைத்தது முதல் வருஷம் முழுக்க ஊசித்தலை அளவே இருக்கும். பாசி அதைவிட வேகமாக வளரும். மூடிய பிறகு கிள்ளி எடுத்தால் நாற்றும் கூடவே வரும். அதனால் வராமல் தடுப்பதுதான் வழி. விதைக்கும் முன் தொட்டிக் கலவையின் மேல் கொதிநீரை ஊற்றி ஆறவிடுங்கள். பிறகு எப்போதும் கொதித்து ஆறிய தண்ணீரை அடித்தட்டில் விட்டு உறிஞ்ச வையுங்கள், மேலே ஊற்றாதீர்கள். ஏற்கெனவே பாசி பிடித்திருந்தால், நாற்றுகள் ஐந்தாறைச் சேர்த்து ஒரு சின்னத் துண்டாக இடுக்கியால் பெயர்த்து, புதுக் கலவையில் பதியுங்கள். ஒவ்வொன்றாகப் பிரிக்க இன்னும் ஒரு வருஷம் பொறுக்கலாம்.

எதுவும் பலிக்கவில்லை, இலை மட்டும்தான் மிச்சம்

ஒரு இலை போதும். எப்படி எடுக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கத்தரிக்கக் கூடாது. இலையைத் தண்டோடு சேரும் இடத்தில் பிடித்து, இடமும் வலமுமாக மெல்ல அசைத்து, கீழ்நோக்கி இழுங்கள். 'டக்' என்று ஒரு சின்ன அசைவோடு வரும். காம்பின் அடியில் அகன்ற வெளிர் குதிகால் இருக்க வேண்டும். புதுச் செடியின் மொட்டு அங்கேதான் இருக்கிறது. அது இல்லாமல் நடுவில் முறிந்த இலையும் சில சமயம் வேர் விடும், ஆனால் மொட்டு விடாமல் வருஷக்கணக்கில் ஒற்றை இலையாகவே நிற்கும்.

பாதி மணல், பாதி சலித்த இலைமட்கு கலந்து, அதில் குதிகால் மறையும் அளவுக்கு மட்டும் சாய்த்துச் செருகுங்கள். மேலே கண்ணாடி ஜாடியைக் கவிழ்த்து வடக்கு ஜன்னலில் வையுங்கள். தினமும் ஒரு முறை ஜாடியைத் தூக்கிக் காற்றுக் காட்டுங்கள். ஜூலையில் வைத்த இலை என்னிடம் அக்டோபருக்குள் வேர் பிடித்திருக்கிறது. அடுத்த ஏப்ரலில் அடியில் உளுந்து அளவுக்கு ரோமம் மூடிய குருத்துகள் இரண்டு மூன்று எட்டிப் பார்க்கும். தாய் இலை தானாகக் காயும்வரை அதை எடுக்காதீர்கள்.